நாடாவை வெட்டாதீர்கள், அவிழுங்கள்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்க வந்துகொண்டிருக்கிற, வந்துகொண்டே இருக்கிற, இன்னும் வந்து சேராத கல்வி அதிகாரி உஸ்தாத் முன்திர் அவர்களே! அவரைச் சோதனைச் சாவடியில் தாங்கிப் பிடித்திருக்கும் சிப்பாய்களே! அவருக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் காலி நாற்காலியே! கிர்பத் அல்-லோஸ் ஊரின் மூத்தவர் அபூ நிம்ர் அவர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்கும் தாய்மார்களே! எதிர்க் குன்றிலிருந்து தொலைநோக்கியில் என் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருக்கும், அழையாமலே குடிவந்த அண்டை வீட்டுக்காரர்களே! தலைக்கு மேல் ரீங்கரிக்கும் ட்ரோனே! உன்னை விட்டுவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய்.

உங்கள் அனைவர்மீதும் அமைதி உண்டாகட்டும். அந்தக் குன்றுக்காரர்கள் மொழியிலும் வணக்கத்துக்கு அமைதி என்றுதான் பெயர், நம் மொழியிலும் அமைதி என்றுதான் பெயர். அதைச் சொல்லிவிட்டுத்தான் இருவரும் மற்ற வேலைகளை ஆரம்பிக்கிறோம்.

நான் ஃபிர்யால். இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை, துணை ஆசிரியை, மணி அடிப்பவள் எல்லாம் நானே. இன்று நாம் கூடியிருப்பது பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு. எத்தனையாவது திறப்பு விழா? (சத்தமாகச் சொல்லுங்கள், குன்றுக்குக் கேட்கட்டும்!) ஆறாவது! உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமாவது ஆறு முறை திறக்கப்பட்டிருக்கிறதா? எந்த அரண்மனைக்காவது இந்தப் பெருமை உண்டா? ஓர் அறை, நான்கு தகரச் சுவர், ஒரு தகரக் கூரை. இதை ஒவ்வொரு முறையும் இடிக்க ராணுவம் அனுப்புவது ஒரு புல்டோசர், ஆறு ஜீப், ஒரு தளபதி. மதிப்பு தெரிந்தவர்கள் அல்லவா!

முதல் திறப்பு விழா நினைவிருக்கிறதா? ஐரோப்பாவிலிருந்து ஒரு தூதர் வந்தார். நல்ல மனிதர். மரமிய்யா இலை போட்ட தேநீரை மூன்று கோப்பை குடித்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். அப்போது நம் உம்மு அயூப் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தாளே!

"அட என்னய்யா பண்றே? நல்ல நாடாய்யா அது! வெட்டிப்புட்டா அடுத்த தடவைக்கு நான் எங்க போவேன்?"

தூதர் திகைத்தார். "அடுத்த தடவையா?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அன்றிலிருந்து நம் ஊரில் நாடாவை வெட்டும் வழக்கம் இல்லை. முடிச்சை அவிழ்ப்போம், சுருட்டி வைப்போம், மறுபடி கட்டுவோம். பள்ளி இடிக்கப்பட்டதும் அந்தத் தூதர் மிகுந்த கவலை தெரிவித்தார். இரண்டாம் முறை ஆழ்ந்த கவலை. மூன்றாம் முறை மிக ஆழ்ந்த கவலை. அவ்வளவு ஆழத்தில் தோண்டியிருந்தால் நமக்கு ஒரு கிணறாவது கிடைத்திருக்கும்!

சற்றுப் பொறுங்கள். உஸ்தாத் முன்திர் தொலைபேசியில் அழைக்கிறார். ஒலிபெருக்கி அருகே பிடிக்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

"ஃபிர்யால், நான் இன்னும் சாவடியிலதாம்மா நிக்கிறேன். என் வண்டிக்குப் பின்னாடி என்ன நிக்குது தெரியுமா? புல்டோசரு! லாரி மேல ஏத்தி வச்சிருக்காங்க. அதுவும் நம்ம ஊருக்குத்தான் வருதாம்."

"அதையும் நிறுத்தி வச்சிருக்காங்களா உஸ்தாத்?"

"அவங்க பேப்பர்ல ஏதோ சரியில்லையாம். டிரைவர் என்கிட்டதான் சிகரெட்டுக்கு நெருப்பு வாங்குனான்."

கேட்டீர்களா? திறந்து வைப்பவரும் இடித்து வைப்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்! யார் முந்துகிறாரோ அவருக்கே இன்றைய விழா. சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். போன முறை அவர்கள் இடித்ததோடு போகவில்லை, தகரத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது நிற்பது நம் ஆட்டுப்பட்டிகளிலிருந்து கழற்றிய தகரம். இதுவும் போனால் வேறு தகரம் இல்லை.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் என்ன என்று கேட்பீர்கள். வரலாறு! துருக்கியன் வந்தான். நிலத்துக்கு வரி கேட்டான். நம் முன்னோர்கள் படு கெட்டிக்காரர்கள்! பத்து வயலை இரண்டு என்று பதிந்தார்கள். வரியிலிருந்து தப்பிய அந்த எட்டு வயல்தான் இன்று யாருக்கும் சொந்தமில்லாத நிலமாம்! அடுத்து ஆங்கிலேயன் வந்தான். ஒரே வீட்டை இரண்டு குடும்பத்துக்குப் பேசி முடித்துவிட்டு, சாவியை வாசலில் போட்டுவிட்டுக் கப்பலேறினான். ஒரு குடும்பத்துக்கு அது விடுதலை, நமக்கு நக்பா, பேரழிவு. நாள்காட்டியில் இரண்டும் அடுத்தடுத்த தாள்தான். பிறகு ஜோர்தான் வந்தது, ஒரு போர் வந்தது, அந்த இன்னொரு குடும்பத்தின் ராணுவம் வந்தது, வந்தது போகவே இல்லை. கடைசியாகச் சமாதானமும் வந்தது! நிலத்தை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். நமக்குக் கிடைத்தது சி, அதாவது ராணுவம் அனுமதிக்காமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாத இடம். அரிச்சுவடியைக் கற்றுத் தந்தவர்கள் பள்ளிக்கூடம் மட்டும் கட்டக் கூடாது என்கிறார்கள்!

நம் தலைவர்களை விட்டுவிட்டேன் என்று அபூ நிம்ர் முறைக்கிறார். விடுவேனா? ஒரு பாதி தலைவர்கள் ரமல்லாவில், ஒரு பாதி காஸாவில். எதிரியோடு பேச நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு ஒருவரோடொருவர் பேச நேரமில்லை. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரமில்லை.

முன்வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறாளே ஹெம்தா, பீர்ஷேவாவிலிருந்து வருகிறவள், யூதப் பெண், அவளைக் கேலி செய்ய எனக்கு நாக்கு வராது. நம் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் குன்றடி வழியாக நடந்தபோது மேலிருந்து கல் வந்தது. உம்மு அயூபின் மகள் ரீமாஸுக்கு நெற்றி பிளந்தது. அன்று முதல் அந்த வழியில் பிள்ளைகளோடு நடந்தவள் ஹெம்தா. அவளுடைய தம்பி, பேருந்தில் நம்மவன் ஒருவன் வைத்த குண்டில் செத்தவன். நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எங்க மேல உனக்குக் கோபமே வரலையா ஹெம்தா?"

"வராம என்ன? வண்டி வண்டியா வந்துச்சு. ஆனா உன் புள்ளைங்க மண்டைய ஒடைச்சா என் தம்பி திரும்பி வருவானா, சொல்லு?"

அந்தத் தம்பிக்காக நான் அழுதேன். எந்தப் பக்கத்துக்காரன் இதைக் குற்றம் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். இந்த அறை நமக்கு எதற்கு என்றால், எந்தப் பிள்ளையும் அந்த வழியில் மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காக. அவ்வளவுதான்.

மறுபடி அழைப்பு. சொல்லுங்கள் உஸ்தாத்.

"என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. புல்டோசர விட்டுட்டாங்க. எப்படியும் அரைமணி நேரத்துல வந்துரும். நீ சனத்தக் கூட்டிட்டு அங்கேர்ந்து கெளம்பு."

அமைதி! அமைதி! யாரும் கல்லைத் தொடக் கூடாது. அழுவதற்கும் இப்போது நேரமில்லை. அன்புள்ள அவையோரே, ஐந்து முறை ஆணி அடித்துக் கட்டினோம், ஐந்து முறை நசுங்கியது. ஆறாவது முறை பள்ளியைக் கட்டிய நம் ஃபவ்வாஸ் என்ன செய்தார்? ஓர் ஆணி அடித்தாரா? அடிக்கவில்லை! இந்தப் பள்ளி முழுவதும் போல்ட்! முடுக்கினால் பள்ளி, கழற்றினால் தகரம்! ஊரே இதைத்தானே தினமும் மாலையில் கழற்றி மாட்டிப் பழகியது?

உம்மு அயூப், நாடாவை அவிழுங்கள். வெட்டிவிடாதீர்கள்! இதோ, பள்ளி முறைப்படி திறக்கப்பட்டுவிட்டது. கைதட்டுங்கள்! போதும். இனிக் கழற்றுங்கள். ஃபவ்வாஸ் வீட்டார் கூரை. அபூ நிம்ர் பேரன்மார் சுவர். ஹெம்தா, கரும்பலகையை நீ பிடி. எல்லாம் மலைக்குகைக்குப் போகட்டும். பிள்ளைகள் மட்டும் இங்கேயே, வெறும் தரையில், புத்தகத்தோடு என் பக்கத்தில். புல்டோசர் வரட்டும், இறங்கட்டும், இடிக்க ஒரு தகரமாவது இருக்கிறதா என்று தேடட்டும். படிப்பதை எந்தப் பல்லால் இடிக்கும்?

நன்றி சொல்ல வேண்டும். வராமலே வாழ்த்திய தலைவருக்கு நன்றி. புல்டோசரையும் காக்க வைத்து நமக்கு நேரம் தந்த சாவடிக்கு மனமார்ந்த நன்றி. இந்தக் கழற்றலைக் கண் இமைக்காமல் படம்பிடிக்கும் ட்ரோனுக்கு நன்றி. எந்தத் தகரம் எந்தப் பக்கம் என்று நாங்கள் மறந்தால் உன்னிடம்தான் கேட்க வேண்டும். நாடா என் பையில் இருக்கிறது. புல்டோசர் திரும்பிப் போனதும் ஏழாவது திறப்பு விழா.

உங்கள் அனைவர்மீதும் அமைதி உண்டாகட்டும். ரீமாஸ், முன்னால் வந்து உட்கார் கண்ணே. போன பாடம் எந்தப் பக்கத்தில் நின்றது?