கண்ணாடியில் இருந்த பொட்டு

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அக்காவின் மடியில் துண்டில் சுற்றிய படம் ஒன்று.

"படத்துல இருக்கற பூவுக்கே பூ வெச்சுக் கும்பிட்டது நம்மம்மா மட்டுந்தான்க்கா," என்றார் தம்பி.

"அப்பா அதைச் சாமி படங்களுக்கு நடுவுல மாட்டிட்டாரு. அதை மட்டும் உட்டுட்டு மத்ததுக்குப் பொட்டு வெக்க மனசு வருமா?"

"எம்பொண்ணு போன்ல தேடிப் பாத்தா. நூத்தம்பது வருசத்துக்கு முன்னால ஒரு வெள்ளக்காரன் வரைஞ்ச ரோசாவாம். இது அச்சடிச்ச படமாம்."

"இருக்கட்டும். உனக்குக் காய்ச்சல் கண்டப்ப அம்மா அதுகிட்டயுந்தான் வேண்டிக்குச்சு."

தம்பி சிரித்தார். "கண்ணாடி பூராவும் குங்குமம் அப்பிக் கெடந்துச்சுக்கா. பிரேம் கடையில புதுசு போட்டுட்டேன். இப்பத்தான் இதழெல்லாம் தெரியுது, பாரு."

அக்கா துண்டை விலக்கிப் பார்த்தார். ரோஜா பளிச்சென்று இருந்தது.

"பழைய கண்ணாடி எங்கடா?"

"திருச்செங்கோட்டுக் கடையிலயே போட்டுட்டு வந்துட்டேன். எதுக்கு?"

"அம்மா வெரலு அதுலதானடா இருந்துச்சு."

இருவரும் சேலத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். வழியில் மல்லசமுத்திரம் வந்ததும் தம்பிதான் முதலில் எழுந்தார்.

"ஏனுங்க கண்டக்டர், ரெண்டு பேரு எறங்கோணுங்க."