ஏன் அண்ணனின் குமார் நோட்டு

தலைவர் அவர்களே, அலுவலகத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம். உட்கார்ந்திருக்க முடியாமல்தான் என் முறை வருவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டேன். மன்னியுங்கள்.

நம் பிறப்புப் பதிவாளர், நம் 'ஏன் அண்ணன்', நம்மை விட்டுப் போய்விட்டார். அந்தப் பட்டம் எப்படி வந்தது? குழந்தையின் பெயரைப் பதிய வருபவர்களிடம், "ஏன் இந்தப் பேரு?" என்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அவர் அசைய மாட்டார். பதிலை வாங்கித் தன் சொந்த நோட்டில் எழுதிய பிறகுதான் முத்திரை விழும்.

குமார் என்ற பெயருக்கு மட்டும் தனி நோட்டு. வடமொழிக் குமாரனிலிருந்து வந்தது. மகன், இளைஞன் என்று பொருள். அகராதி அத்தோடு முடித்துவிடும். அண்ணனுக்கு அது போதுமா? ஒரு குமார், தாயைப் பிரசவத்துக்கு நேரத்தோடு கொண்டுசேர்த்த டாக்சி டிரைவரின் பெயர். இன்னொரு குமார், இரண்டு தாத்தாக்களின் சண்டைக்குப் பிறகு வந்த சமாதானம். இப்படி நூற்றுப்பன்னிரண்டு குமார்கள்.

அந்த நோட்டு எங்கே போனது? அண்ணி, கேளுங்கள். அலுவலகம் இடம் மாறியபோது தானே தொலைத்துவிட்டதாகத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். இல்லை. பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவன் நான். ஒப்புக்கொண்டபோது, "சரி விடு, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். ஓய்வுபெற்ற பிறகு முட்டிவலியோடு வீடுவீடாகப் படியேறியதெல்லாம் அந்தக் குமார்களைத் தேடித்தான். அதற்காக நீங்கள் அவரைத் திட்டிய திட்டெல்லாம் எனக்குச் சேர வேண்டியது.

நேற்று உங்கள் மகள் அவருடைய புது நோட்டை என்னிடம் கொடுத்தாள். முதல் பக்கத்தில் நான். என் பெயரும் குமார்தான். வேறு பெயர் கிடைக்காமல் வைத்தது என்று நானே கிண்டலடிப்பேன். போன வருடம், என் அம்மா இருந்தபோது, அண்ணன் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அம்மா சொன்னது அப்படியே இருக்கிறது: "பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேரில்லாத புள்ளைய எப்படிக் கூப்பிட்டு எழுப்புறது? பக்கத்துல நின்ன கம்பவுண்டர் பேரைக் கேட்டு, அதையே காதுல சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணத் தொறந்தான்."

ஐம்பத்துநான்கு வயதில் நேற்றுத்தான் எனக்கு இது தெரிந்தது. நான் கேட்டதே இல்லை.

என்னைச் சேர்க்காமல் நோட்டில் அறுபத்திரண்டு தேறியிருக்கிறது. மீதி ஐம்பது என் பொறுப்பு. இன்றே தொடங்குகிறேன். இந்த அரங்கில் இருக்கும் குமார்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். வாசலில் மேசை போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்பேன். தெரியாதவர்கள், அம்மா இருந்தால், இப்போதே வெளியே போய் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.