எஞ்சினுக்குக் குளிர்கிறது

என் காரின் எஞ்சினைச் சூடேறும் முன்பே முறுக்கிக் கொன்றவர் இந்தச் சங்கத்தின் செயலாளர் தீனா. அந்தப் பழியைச் சுமப்பவர் மெக்கானிக் பஷீர். முதலில் இது. வணக்கம் பிறகு.

எதையும் பேசித் தீர்க்கலாம் என்று சொல்லி, பேசாமலே தீர்த்துவிடும் தலைவர் கோதண்டம் அவர்களே! என் கண்ணைத் தவிர்க்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியவர்களே! எண்ணூர் சாலையின் லாரிப் புழுதியை நாளெல்லாம் துடைத்துவிட்டு, இந்த ஆண்களின் அளப்பையும் கேட்க வந்திருக்கும் என் தாய்மார்களே! பின்னால் பைக் மேல் சாய்ந்து விசிலடிக்கும் தம்பிகளே! திருவொற்றியூர் வாகன உரிமையாளர் சங்கத்துப் பெருமக்களே! உங்கள் உறுப்பினர் செங்கொடியின் வணக்கம்.

செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தச் சொல்லி என்னை மேடைக்கு அழைத்தீர்கள். "மூத்த உறுப்பினரு, ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசும்மா" என்றீர்கள். பேசுகிறேன். பொன்னாடை என் கையில்தான் இருக்கிறது. உட்கார் தீனா, எங்கே எழுந்திருக்கிறாய்?

நான் ஆலைத் தொழிலாளருக்கு உடுப்பு தைத்துப் பிழைத்தவள். காரைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. கேட்டும் கெடுத்தும் கற்றுக்கொண்டேன். தையல் கடையை மூடிய பிறகு ஒரு கார் வாங்கினேன். பழைய கார்தான். ஆனால் டர்போ வைத்த கார், தொட்டால் சீறும் கார். "இந்த வயசுல உனுக்கு இன்னாத்துக்கும்மா ரேஸு காரு? கோயிலுக்குப் போவ ஆட்டோ கீதே!" என்று கேட்டவர்கள் இதே நாற்காலிகளில் இருக்கிறீர்கள். ஏன், வேகம் என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா? காத்திவாக்கம் வரை கடலை ஒட்டிப் பறந்துவிட்டு வர எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?

வாங்கிய பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. எனக்கு முன்னால் அதை வைத்திருந்த மகராசன் சாவியைத் திருப்பியதும் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்தே வண்டியை எழுப்பியிருக்கிறான். கொருக்குப்பேட்டை பஷீர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"யாரும்மா இத்த ஓட்டுனது? ஓட்டுனானா, ஒதைச்சானா? டர்போ பூட்ச்சு, ரிங்கு பூட்ச்சு, பேரிங்கு பூட்ச்சு. இட்டும்போயி கடல்ல தள்ளு!"

"தள்ள மாட்டேன். நீ வேலைய பாரு."

"மாசக்கணக்காவும்."

"ஆவட்டும்."

"நடுவுல வந்து ஆச்சா ஆச்சானு உசுர வாங்குவ."

"டெய்லி வாங்குவேன்."

வாங்கினேன். பஷீர் இனிமையான மனிதர் அல்லர். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் ஒவ்வொரு உறுப்பாய் மாற்றி, அந்தச் செத்த எஞ்சினை மூச்சுவிட வைத்தார். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "கெளப்புன ஒடனே ஆயிலு எல்லா எடத்துக்கும் போயி சேராது. சத்தம் அடங்கறவரிக்கும் பொறு. அப்பால மெதுவா ஓட்டு. சூடு காட்டற முள்ளு நடுவுல வந்தா மிதி. எல்லாம் புதுசு, இன்னும் பழகல. மறந்த, நானே உன்ன அடிப்பேன்."

இந்த ஊரில் இது எத்தனை பேருக்கு விளங்குகிறது? ஒரு கூட்டம் கிளப்பியதும் மிதிக்கிறது. இன்னொரு கூட்டம் வண்டியைக் கிளப்பி விட்டுவிட்டு, டீக்கடையில் வடை தின்று, நாட்டு நடப்பைப் பேசித் தீர்த்துவிட்டு வருகிறது. அதுவரை புகை என் சமையலறையில்! கேட்டால் "வார்ம் அப்" என்கிறார்கள். எதற்கு வார்ம் அப்? எஞ்சினுக்கா, என் நுரையீரலுக்கா? நின்ற இடத்தில் உறுமுவதால் வண்டி பக்குவப்படாது, ஐயா. மெதுவாக ஓடித்தான் பக்குவப்படும். மெதுவாக! அந்த ஒரு சொல்தான் உங்களுக்கு வேப்பங்காய்.

என்ன தம்பி? "ஆயா மாஸ்" என்கிறாயா? மாஸ் இருக்கட்டும், மிச்சத்தைக் கேள்.

ஆயுத பூசை வந்தது. மூடிபோட்டு நாள்கணக்கில் நின்ற வண்டிகளை எல்லாம் தெருவில் வரிசையாக நிறுத்தினோம். மாலை போட்டோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சாவிகள் எல்லாம் சாமி படத்தின் முன்னால். என் கையில் கற்பூரத் தட்டு. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்: "நல்ல நேரம் முடியப் போவுது! சத்தம் போடற வண்டிய மொதல்ல எடுங்கப்பா!"

தீனா என் சாவியை எடுத்தார். கேட்டாரா? இல்லை. ஏறினார். கிளப்பினார். அந்தக் கணமே மிதித்தார். தெரு அதிர்ந்தது. நீங்கள் விசிலடித்தீர்கள். எரியும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படி ஓடுவேன்? கத்தினேன்: "டேய் தீனா, வண்டி இன்னும் குளுரா கீதுடா! மிதிக்காதடா!"

தலையை வெளியே நீட்டி அவர் சொன்னார்: "குளுருதுன்னா ஸ்வெட்டர் போடும்மா!"

சிரித்தீர்கள். "இன்னொரு வாட்டி!" என்றீர்கள். மிதித்தார். மீண்டும் மிதித்தார். அடியிலிருந்து சுத்தியல் அடிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. என் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது; எஞ்சின் அணைந்துவிட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கக்கூட இல்லை!

அப்புறம் சங்கம் கூடியது. என்னைக் கூப்பிடாமல் கூடியது. பஷீர் பூட்டியது சரியில்லை, உறுப்பினர்கள் யாரும் அவர் ஷெட்டுக்கு வண்டி விடக் கூடாது என்று சங்கக் குழு வழியாக எல்லார் போனுக்கும் செய்தி போனது. இன்று அந்த ஷெட்டில் ஒரு வண்டி இல்லை. இந்த மாதத்தோடு மூடப் போகிறார். நேற்றுப் போனேன். கழுவிய கையோடு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "வாம்மா, குந்து" என்றார். தாய்மார்களே, பஷீர் மரியாதையாகப் பேசினால் அந்த மனிதர் எவ்வளவு உடைந்திருக்க வேண்டும்!

என்ன தலைவரே, சைகை காட்டுகிறீர்கள்? சுருக்கமாகவா? எஞ்சினைப் பிரித்தால் பாதியில் எழுந்து போக முடியாது, பொறுங்கள்.

"சாட்சி கீதா?" என்று ஒரு குரல் கேட்கிறது. கேட்ட வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். விழாவின் தொடக்கத்தில் இந்தத் திரையில், ஆயுத பூசையன்று தம்பிகள் எடுத்த ஒரு படம் போட்டீர்களே, "இந்த ஆண்டின் சிரிப்பு" என்று? அதில் வண்டி கிளம்புகிறது, என் கத்தல் கேட்கிறது, ஸ்வெட்டர் வருகிறது, சத்தம் வருகிறது. பஷீருக்கு எதிராகச் செய்தி போட்ட அதே கைதான் அந்தப் படத்தையும் போட்டது. நீங்கள் சிரித்தது சாட்சியைப் பார்த்து! குற்றத்தைத் திரையில் ஓட்டிவிட்டுக் குற்றவாளிக்குப் பொன்னாடை போர்த்தும் சங்கம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

ஆகவே கேளுங்கள். தலைவர் கோதண்டம், பஷீருக்கு எதிராகப் போட்ட செய்தியை இந்த மேடையை விட்டு இறங்கும் முன் திரும்பப் பெற வேண்டும். வாயால் அல்ல, எந்தப் போனுக்கெல்லாம் போனதோ அந்தப் போனுக்கெல்லாம். படம் எடுத்த தம்பிகள் அதை வெட்டாமல், என் கத்தலோடு சேர்த்து, அதே குழுவில் போட வேண்டும். பஷீர் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள், ஓடிய வழியே திரும்பி வர வேண்டும். மெதுவாக வாருங்கள், எஞ்சினுக்கு நல்லது. என் வண்டியைப் பஷீர் மறுபடி பிரிக்க வேண்டும். வேறு கை படக் கூடாது. இதுவரை எனக்காகப் பேசாமல் இப்போது கைதட்டும் தாய்மார்கள், வீட்டுக்குப் போய் இதே பேச்சை அவரவர் வீட்டு உறுப்பினர் காதில் போட வேண்டும்.

தீனா, நீ நாளைக் காலை ஷெட்டு வாசலில் நின்று, "நாந்தான் மிதிச்சேன்" என்று பஷீரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார். முழுக்கக் கேட்க வேண்டும். அவருக்கு அந்தக் குரல் திரும்பி வர வேண்டும்.

என் மைக்கை அணைக்கச் சொல்லியும் அணைக்காத ஒலிபெருக்கிக்கார அம்முவுக்கு நன்றி. தீனா, நீ பஷீரிடம் சொல்லிவிட்டு வந்தால் இதே மேடையில் உனக்குப் போர்த்துகிறேன். அதுவரை இந்தப் பொன்னாடை என் எஞ்சின் மேல் கிடக்கும். அதற்குத்தானே ஸ்வெட்டர் போடச் சொன்னாய்? வருகிறேன், வணக்கம்.