வருது, ஆனா போவல

படாளத்தில் ஏறிய கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் லேப்டாப்.

"வர்ற மெயிலெல்லாம் வருதுக்கா. நான் அனுப்புறதுதான் போவ மாட்டேங்குது."

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடேன். எப்பவும் அவர்தானே அனுப்புறாரு?"

"அதான் வேணாங்கறேன். நான் எழுதுற ரிப்போர்ட்டு அவரு பேர்ல போய்கினு கீது."

"இப்ப இன்னா கேக்குது அது?"

"அனுப்புறதுக்கும் பாஸ்வேர்டு போடணுமாம். வர்றதுக்கு மட்டும்தான் போட்டு வெச்சிருந்தேன்."

தட்டிக்கொண்டே இருந்தாள். செங்கல்பட்டு தாண்டியது. சிங்கப்பெருமாள் கோயிலில் எல்லாரும் எழுந்தார்கள்; அவள் எழவில்லை.

"போச்சா?"

"போச்சு. மேனேஜருக்கு."

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா?"

"தெரியும். அதே மெயில்ல அவருக்கும் ஒரு காப்பி போட்டேன். எனக்கு அவரு ஒரு தபாகூட போட்டதில்ல."