கன்னத்தின் நிறம்

எண்ணெய் வர்ணம் சீக்கிரம் காயாது, ஐயா. அதனால்தான் உங்கள் ஆட்கள் வீட்டைச் சோதனை போட வந்தபோது அந்தப் படத்தை மட்டும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மற்றபடி ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உருவப்படம் கற்றுக்கொள்ள எங்கள் வாத்தியார் சொன்ன வழி ஒன்றுதான். நல்ல பழைய ஓவியம் ஒன்றை, அசல் எது நகல் எது என்று குழம்பும்வரை பார்த்துப் போட வேண்டும். கலைக்கூடத்து மாடியில் இருந்த ஒரு பெண்ணின் படத்தை எடுத்தேன். சால்வை போர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மூக்கு வந்தது, விரல்கள் வந்தன, சால்வையின் மடிப்புகூட வந்துவிட்டது. கன்னம் மட்டும் வரவில்லை. அசலில் அது மெழுகு மாதிரி ஒரு மஞ்சள் வெளுப்பு. நான் எப்படிக் குழைத்தாலும் சுவருக்கு அடித்த சுண்ணாம்பாகவே தெரிந்தது.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "நீ படத்தைப் பாத்துப் போடுற. அதை வரைஞ்சவன் தோலைப் பாத்துப் போட்டிருக்கான். வீட்ல யாரையாவது உக்கார வச்சுப் பாரு."

வீட்டில் இருந்தது அக்கா. அம்மா போன பிறகு தையல் மிஷினை மிதித்தே என்னை ஆளாக்கியவள். வர்ணம், தூரிகை எல்லாம் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அவள் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சால்வையைப் போர்த்தி உட்கார வைத்ததும் நகலைப் பார்த்துச் சிரித்தாள். "யாருடா இவ, சீக்குக்காரி மாதிரி? யாரும் சோறு போடலையா?"

அக்காவுக்கும் சின்ன வயதிலிருந்தே ரத்தம் குறைவு. டாக்டர் கொடுத்த கேப்சூலைத் தவறாமல் போடுவதால் கன்னம் மட்டும் சிவந்தே இருக்கும். எனக்கு அது இடைஞ்சல். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமா என்று கேட்டேன். "விளையாடாதடா, டாக்டர் தோலை உரிச்சிடுவார்" என்றாள். அப்புறம் நான் கேட்கவில்லை. அவளை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும்? கேப்சூலைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டி, மாவை அடைத்து மூடினேன். காலையில் தண்ணீரோடு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டாள்.

நிறம் மெல்ல வந்தது. முதலில் உதட்டில், பிறகு கண்ணுக்குக் கீழே. படியில் மயங்கி விழுந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். நானும் கூட்டினேன், மாவை. மிஷினை மிதிக்க முடியாமல் போனதும் நாள் முழுக்க எனக்காக உட்கார்ந்தாள். ஒருநாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அவள மாதிரியே ஆயிட்டேன் பாரு. உனக்கு வசதியாப் போச்சு" என்றாள். இன்னும் ஒரே ஒரு பூச்சு, அதோடு நல்ல மருந்தைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பூச்சு காய்வதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டாள். கன்னம் அச்சாக வந்திருந்தது. முகத்தில் அக்காவின் சாயலும் ஏறியிருந்தது.

அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கலைக்கூடத்துக்குப் போனேன். படத்தைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டியிருந்தார்கள். அதே பெண், ஆனால் கன்னம் செக்கச்செவேலென்று இருந்தது.

"மேல பூசின வார்னிஷ் பழசானா மஞ்சளாயிடும்டா. அதைத் துடைச்சிருக்காங்க. இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றார் வாத்தியார்.

தெரியாது, ஐயா. யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா முதல் நாள் வந்து உட்கார்ந்தபோது இருந்த நிறம்தான் அது. அவர்கள் முன்பே துடைத்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது.

மிச்சமிருந்த கேப்சூலைத் திறந்து பார்த்து டாக்டர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் தப்பைத் தப்பாகவே விட்டுவிடுகிறவன் இல்லை நான். நேற்று உட்கார்ந்து அந்தக் கன்னத்துக்குச் சிவப்பு ஏற்றினேன். காயும்வரை யாரும் கை வைக்காமல் இருந்தால் போதும். அக்காவுக்கு இப்போது உடம்பு தேவலை.