பின்பக்கத்துச் சிலுவை

காலி வீட்டைப் பார்த்துக்கொள்வது கஷ்டமான வேலை இல்லை. அடுப்பில் புகை வர வேண்டும். கொடியில் ஈரத்துணி தொங்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெருவில் போகிறவனுக்குத் தோன்றிவிட்டால் போதும். பம்பாயில் பூட்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. புகையைப் பார்த்தால்தான் தயங்குவார்கள்.

ஆபிரகாம் அண்ணாச்சி அறுபத்தாறு டிசம்பரில் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போனார். முதலில் கிறிஸ்துமஸ், அப்புறம் மகள் கல்யாணம். ஈஸ்டருக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொன்னார். செம்பூரிலிருந்து கோவண்டி போகிற வழியில் அவருக்குத் தகரக்கூரை போட்ட வீடு இருக்கிறது. பின்னால் கொஞ்சம் வெறும் நிலம்.

"குளிர்காலம் முடியுற வரைக்கும் இருந்து பாத்துக்கோடே, இன்னாசி. நான் வந்ததும் பின்னால உனக்கு ஒரு ரூம் போட்டுத் தாரேன். சாகுற வரைக்கும் இருந்துக்கோ" என்றார்.

அந்த அறை எனக்கு என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும். தாராவியில் நான் இருந்த கோலியில், ஒற்றை அறைதான் அது, ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகல் ஷிப்ட்காரன் ராத்திரி படுப்பான், நைட் ஷிப்ட்காரன் பகலில் படுப்பான். பகலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் மில்லில் நைட் ஷிப்ட் வேலையையே விட்டேன், வேறு காரணம் இல்லை. விட்ட அன்றைக்கே என் பாதிப் பாய்க்கு வேறொருவன் வந்துவிட்டான். அவர்கள் மேல் தப்பில்லை. பாய் ஷிப்டுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை.

ஆபிரகாமின் வீட்டிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. எழுந்து நிலத்தைச் சுற்றி நடப்பேன், திரும்பி வந்து பூட்டைத் தொட்டுப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். அப்படி நடந்ததால்தான் டிரம்கள் நகர்வதைக் கவனித்தேன்.

பக்கத்தில் நயினாரின் டப்பாக்கடை. பழைய எண்ணெய் டின், தார் டிரம் எல்லாம் வாங்கி, தட்டி, கழுவி விற்பவன். எல்லையில் அடுக்கியிருந்த டிரம்கள் தினமும் கொஞ்சம் நம் பக்கம் வந்திருக்கும்.

"அண்ணாச்சி, டிரம்மு இந்தப் பக்கம் வந்திருக்கே?"

"உருண்டு வந்திருக்கும்டே. உருண்டையா இருக்கது உருளத்தானே செய்யும்?"

"உங்க பக்கம் ஒண்ணுகூட உருளலியே?"

"அந்தப் பக்கம் மேடு" என்று சிரித்தான்.

நான் தள்ளி வைப்பேன். மறுநாள் திரும்ப வந்திருக்கும். அடுத்தவன் நிலத்தை வளைக்கிற கப்ஜா அப்படித்தான் நடக்கும். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஒரு நாள் பார்த்தால் ஷெட் நிற்கும், உள்ளே ஒரு குடும்பம் சோறு பொங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கோர்ட்டும் அவர்களை எழுப்பாது.

செம்பூரில் பழைய கிராமத்துச் சந்துகளில் பிளேக் காலத்தில் நட்ட சிலுவைகள் இருக்கின்றன. ரோடு போட வந்தவர்கள்கூடச் சுற்றித்தான் போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. பின்பக்கம் ஆள் நீளத்துக்கு மண்ணைக் குவித்தேன். பெட்டிப் பலகையில் சிலுவை செய்து தலைமாட்டில் நட்டேன்.

நயினார் வந்து பார்த்தான். செருப்பைக் கழற்றினான். வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்தது.

"யாருடே?"

"எங்க பாட்டையா."

"பேரு?"

"மிக்கேல்ராஜ்" என்றேன். வாயில் வந்த பெயர். சொல்லிவிட்டதால் தாரில் குச்சியைத் தோய்த்துச் சிலுவையிலும் எழுதினேன்.

அது எனக்குத் தெரிந்த ஒரு கிழவரின் பெயர்; சொந்தம் இல்லை, வயசுக்காகப் பாட்டையா என்று கூப்பிடுவேன், அவர் உயிரோடுதான் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், இளைப்புக்காரர். கோவண்டியில் ஒரு சார்ப்பில் தனியாகக் கிடந்தார். மத்தியானங்களில் என்னிடம் டீ குடிக்க வருவார். சிலுவையைப் பார்த்தால் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கூட மூட்டை தூக்குனவனுங்க செத்தா முனிசிபாலிட்டி வண்டிதான் வரும். எங்க போட்டான், எப்படிப் போட்டான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்குப் பேரே போட்டுட்டியேலே" என்றார்.

மறுநாள் சாமந்திப் பூ கொண்டுவந்து வைத்தார்.

டிரம்கள் நின்றுவிட்டன. ஆனால் பாட்டையா நடமாடிக்கொண்டிருந்தார். அதுதான் இடைஞ்சல். அவரிடம் மறைக்காமல் சொன்னேன். பாண்டுப்பில் அவருடைய தங்கை மகள் சகாயராணி இருக்கிறாள், ஈஸ்டர் வரை அங்கே போய் இரும் என்றேன். ரயில் ஏற்றியும் விட்டேன். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் ஆவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கையில் சுண்ணாம்பு டப்பாவும் மட்டையும்.

"சகாயராணி நல்லாத்தாம்லே வச்சிருக்கா. எனக்குத்தான் இருப்பு கொள்ளல. சிலுவைக்கு வெள்ளையடிச்சா பளிச்சுன்னு இருக்கும்லா?"

அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது நயினார் டிரம்களுக்கு மேல் எட்டிப் பார்த்தான். பெரியவரே, பேரென்ன என்று கேட்டான். பொய் சொல்லத் தெரியாத மனிதர், சொல்லிவிட்டார். நயினார் சிரித்த சிரிப்பில் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

"செத்தவரு வெள்ளையடிக்காரு! இன்னாசி, உங்க பாட்டையாவுக்கு ஒரு கட்டிங் சாயா சொல்லுடே, களைச்சிருப்பாரு."

பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ஞாயித்துக்கிழமை ஆளோட வாரேன். தகரம் ரெடி. இந்தக் குழியத் தோண்டுவேன். உள்ள ஒண்ணுமில்லன்னா அங்கேயே ஷெட்டு ஏறிரும்."

பாட்டையாவுக்கு முகம் வாடிவிட்டது. "நான் உசுரோட இருக்கது உனக்கு எடைஞ்சலாப் போச்சேலே" என்றார்.

"ஆமா" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்து, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

சனிக்கிழமை நான் மேட்டை விலக்கிவிட்டு ஆழமாகத் தோண்டினேன். அன்றைக்கு உடம்பில் பதற்றம் இல்லை. கைக்கு வேலை கிடைத்ததும் மனசு ஓரிடத்தில் நின்றது. வெட்டிய மண்ணை அருகிலேயே வைத்து, கோணியால் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாட்டையா நேராக வந்தார். பனிக்காற்றில் நடந்ததில் இளைப்பு ஏறியிருந்தது. ஆபிரகாமின் கட்டிலில் படுக்க வைத்தேன். சூடான தண்ணீர் கொடுத்தேன். ஆபிரகாமின் கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். கால், மார்பு, கழுத்து. "முகத்துக்கு வேண்டாம்லே, மூச்சு முட்டும்" என்றார். முகத்துக்கும் போர்த்தினேன். பிறகு கையை எடுக்கவில்லை. இளைப்புக்காரர் என்பதால் அதிக நேரம் ஆகவில்லை.

எனக்குத் தெரிந்த ஜெபம் முழுவதையும் சொல்லித்தான் மண்ணைத் தள்ளினேன்.

நயினார் சொன்னபடி வந்தான். ஆட்கள் தோண்டினார்கள். நான் தடுக்கவில்லை. கம்பளி தெரிந்தது, அப்புறம் கை தெரிந்தது. நகங்களில் சுண்ணாம்பு இன்னும் இருந்தது. நயினாரே மண்ணைத் திரும்பத் தள்ளினான், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் டிரம்கள் எல்லாம் அவன் எல்லைக்குள் வெகுதூரம் தள்ளி அடுக்கியிருந்தன. அவன் ஏன் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வரவில்லை என்று கேட்கிறீர்கள். அவன் நிலத்துக்கும் காகிதம் கிடையாது.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. தெருவில் போகிறவர்கள்கூட எதிர்ப்பக்கமாகப் போனார்கள். நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆபிரகாம் சொன்ன வாக்குப்படி ஈஸ்டருக்கு முன்னால் வந்தார். அவர் வந்த அன்றைக்கே சகாயராணியும் மாமனைத் தேடிக்கொண்டு வந்து நின்றாள். சிலுவையில் பெயரைப் படித்தாள். பதறாதே, தினமும் பூ வைக்கிறேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஆபிரகாம் வாசலுக்கு வெளியே நின்றே சாவியைக் கேட்டார். எனக்குத் தர வேண்டிய அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாவியை நான் கொடுக்கவில்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டார்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் சொந்த ஆதாயத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை என்பதையும் எழுதுங்கள். இன்னொன்று. சாவி இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. ஆபிரகாம் வந்து கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வீட்டைப் போட்டுவிட்டு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனவர் அவர்.