கீழிருந்து வந்த சத்தம்

கொஞ்சம் சத்தம் போடுகிற வால்வுதான் நல்ல வால்வு, ஐயா. சத்தமே இல்லையென்றால் இடைவெளி போதவில்லை, சூட்டில் வால்வு எரிந்துபோகும் என்று அர்த்தம். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி எஞ்சினின் மேலே மெல்லிதாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த மலாங் ஊரில் பழைய கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்களுக்குச் சொன்னது நான்தான்.

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்காருகிறீர்களா? ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முகம் பார்த்துப் பேசித்தான் எனக்குப் பழக்கம். உங்கள் மீசை சற்று அடர்த்தி. பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்.

ஹர்யந்தோவின் கார் ஐம்பத்தேழாம் வருஷத்து ஜெர்மன் வண்டி, வெண்ணெய் நிறம். அவன் என் பழைய சிநேகிதன். அந்த வண்டியை வேறு யாரும் தொட அவன் விட்டதில்லை. மகளுக்குக் கெடிரியில் கல்யாணம் நிச்சயமானதும், பெண்ணும் மாப்பிள்ளையும் இந்தக் காரில்தான் ஊர்வலம் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். பூஜோன் மலைப்பாதையில் இறங்கிப் போக வேண்டும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய கார்ச் சங்கம் கூடுகிற மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தான்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காப்பி, வாழைக்காய் வறுவல் எல்லாம் முடிந்ததும், நோய்ப்பட்ட வண்டியின் மூடியைத் திறந்து வைப்பார்கள். நான் நீளத் திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். நான் வாயைத் திறக்கும்வரை ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். டாக்டர்கள், கல்லூரிக்காரர்கள், ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், என்னைப் பாக் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மனைவி போன பிறகு எனக்கு வாரம் முழுவதும் அந்த ஒரு நிமிஷம்தான்.

"வால்வுதான். கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிக் குடுத்துடறேன்," என்றேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ரெட்னோ மட்டும் ஆட்டவில்லை. ரெட்னோ ஹர்யந்தோவின் மனைவி. கோங்கு என்கிற வெண்கலத் தட்டு மணிகளை வார்த்து, தட்டிச் சுருதி பார்க்கிற பட்டறை வீட்டுப் பெண்.

"பாக் தர்சோ, தப்பா நினைக்காதீங்க," என்றாள். "சத்தம் மேலேருந்து வரல. கீழேருந்து கனமா வருது. வண்டி சூடாகி நின்னா அந்த ஆயில் விளக்கும் செவப்பா மினுக்குது. எனக்கு உள்ள உக்காரவே பயமாருக்கு."

"ஏய், நம்ம பாக்குக்குப் போட்டியா ஆள் வந்துட்டாங்கப்பா!" என்றார் கர்னல்.

"ரெட்னோ அம்மா, எஞ்சினையும் கோங்கு மாதிரி கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பாக்கலாமா?" என்று இன்னொருவர் கேட்டார். ஒரே சிரிப்பு. ஹர்யந்தோவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரெட்னோவும் சிரித்து, "ஆமா, ஆமா, வால்வாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் பெரியவர்களை நாலு பேர் முன்னால் மறுக்கமாட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

அன்று சுற்றிலும் ஏகப்பட்ட வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஐயா. அந்த இரைச்சலில் யாராயிருந்தாலும் வால்வு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் பட்டறையில் வால்வு இடைவெளியைச் சரி செய்தேன். பிறகு ஆயில் விளக்கின் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் என் பிரஷர் மீட்டரைப் பொருத்திப் பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்திருந்தபோது முள் ஒழுங்காக நின்றது. சூடேறச் சூடேறக் கீழே சரிந்தது. கடைசியில் பூஜ்ஜியத்தின் மேல் படுத்துவிட்டது. எஞ்சினின் அடியில் சுழலுகிற கிராங்க் தண்டின் பேரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. எண்ணெய் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடுகிறது, பிரஷர் நிற்பதில்லை. அப்படியே ஓட்டினால் பேரிங் சூட்டில் கிராங்க்கைக் கவ்விப் பிடித்துவிடும். இறக்கத்தில் கியரில் இருக்கும்போது பிடித்தால் பின்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ளும். அவள் சொன்னதுதான் சரி.

அந்த முள்ளைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினேன். இதை மறைக்காமல் சொல்கிறேன். பேரிங் என்று சொன்னால், அன்று ஏன் வால்வு என்றீர்கள் என்று கேட்பார்கள். பிறகு, கர்னலின் வண்டிக்குச் சொன்னதும் தப்போ என்று பேசுவார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது என் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள்.

இல்லை, ஐயா, காது விஷயம் இதில் எதற்கு? மழைக்காலத்தில் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் குறையே கிடையாது. மனிதர்கள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

ரெட்னோ பட்டறைக்குத் தனியாக வந்தாள். நான் முதுகு காட்டி வேலை செய்துகொண்டிருந்தேன். எஞ்சின் ஓடவில்லை, ரேடியோ இல்லை. தற்செயலாகத் திரும்பினால் கையில் சோயா தெம்பே வறுவல் பொட்டலத்தோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள், எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கண் கலங்கியிருந்தது.

அவள் சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். பிறகு உதட்டை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்லல, பாக். அவர்கிட்டகூடச் சொல்லல, சொல்லவும் மாட்டேன். கீழ்ப்பக்கத்த மட்டும் நீங்களே பிரிச்சுப் பாத்து சரி பண்ணிடுங்க. வெளியில வால்வுன்னே இருக்கட்டும். எனக்கு அந்த மலைய நெனச்சா தூக்கமே வரல."

நல்ல பெண், ஐயா. என் மானத்தை எனக்கே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். பேரிங்கை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அப்போதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கண்ணை மூடி நிற்கும்போது, அந்தக் கூட்டத்தில் ஒரு முகம் என்னைப் பார்த்துப் பாவப்படும். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி உதட்டைத் திறந்து திறந்து பேசும். நினைக்க நினைக்க எனக்கு அதுதான் பெரிய பயமாயிற்று. வறுவலைக்கூட என்னால் சாப்பிட முடியவில்லை.

பழைய எண்ணெயை வடித்துவிட்டு, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயைக் கலந்து ஊற்றினேன். குளிர்ந்திருக்கும்வரை கீழ்ச் சத்தம் அமுங்கிவிடும். தேய்ந்த வண்டியை விற்கிற தரகர்கள் எல்லாரும் செய்வதுதான்.

அடுத்தது அந்த விளக்கு. ஆயில் விளக்கின் ஒயரைக் கழற்றி, பேட்டரி சார்ஜ் விளக்கின் ஒயரோடு சேர்த்துவிட்டேன். சாவி போட்டால் இரண்டும் எரியும். எஞ்சின் ஓடினால் இரண்டும் அணையும். ஆயில் பிரஷர் அடியோடு போனாலும் எரியாது. நசுங்கிய வண்டியில் இதைக் கண்டுபிடித்த உங்கள் ஆளைப் பாராட்ட வேண்டும், சுத்தமாகத்தான் முறுக்கியிருந்தேன்.

மூன்றாவதாக ஒரு யோசனை சொன்னேன். வண்டியை எடுக்க வந்த ஹர்யந்தோவிடம், "எறக்கத்துல செகண்ட் கியர்லயே போட்டு விட்டுடு. எஞ்சின் கொஞ்சம் கத்தும், கத்தட்டும். வால்வு புதுசா செட் பண்ணிருக்கேன், அதுக்கு நல்லது. கிளட்ச்சத் தொடாத," என்றேன். அவன் அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நான் சொன்னதை அவன் என்றுமே மீறியதில்லை.

அங்கிருந்தே நேராகக் கெடிரிக்குக் கிளம்ப ரெட்னோவும் கூடவே வந்திருந்தாள். அவள் ஏற மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மறுத்தால் ஏன் என்று கணவன் கேட்பான், என் விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும். அந்த மரியாதை தெரிந்த பெண் அவள். முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹர்யந்தோ சாவியைத் திருப்பினான். அவள் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் பிடித்ததும் விளக்கு அணைந்தது. அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரொம்ப நன்றி, பாக். இனிமே பயமில்ல," என்றாள். உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள்.

கல்யாணப் பெண் ஏற்கெனவே கெடிரியில் இருந்தாள். அது ஒரு ஆறுதல். யாரையும் அநாவசியமாகக் கஷ்டப்படுத்துகிற ஆள் இல்லை நான்.

பூஜோன் தாண்டி இரண்டாவது கொண்டை வளைவில் பேரிங் பிடித்திருக்கிறது. பின்சக்கரம் பூட்டி, வண்டி வழுக்கி, பள்ளத்தின் பக்கம் சரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் ரெட்னோ. மரத்தில் மோதிய பக்கம் ஹர்யந்தோ, இரண்டு காலும் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ திரும்பிடலாம் திரும்பிடலாம்னு அழுதாடா, தர்சோ. நான்தான், தர்சோ பாத்த வண்டி, ஒண்ணும் ஆகாதுன்னு அதட்டினேன்," என்றான். அவன் உதடு கிழிந்திருந்தது. அவன் சொன்னது புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஆக, ரெட்னோவைக் கொன்றது நான்தான். தெரிந்தே, பார்த்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காது கேட்காத கிழவன் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பட்டறையில் தனியாக இருந்தபோது அந்தக் கீழ்ச் சத்தத்தைத் துல்லியமாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் செய்தேன்.

அது ரெட்னோவின் ஃபோனா? வழியில் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்திருக்கிறாளா? எனக்குப் போட்டுக் காட்டத்தான் இருக்கும், பாவம். வையுங்கள் மேஜைமேல். ஒரு நிமிஷம், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ம். கேட்கிறது. மேலே வால்வுகள் சுத்தமாக ஓடுகின்றன, அது என் வேலை. அடியில் கனமாக ஒரு இடி. மூன்றாவது பேரிங். பார்த்தீர்களா, ஐயா? மைதானத்தில் இருக்கிற யாராவது இவ்வளவு சுத்தமாகச் சொல்வார்களா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தக் காவலர் தம்பி இப்போது எதற்குச் சார்ஜர் கொண்டுவந்து சொருகுகிறார்? இருண்டு கிடந்த திரையில் இப்போதுதானே வெளிச்சம் வருகிறது. இரண்டாம் தடவை போட வேண்டாம், ஐயா. எனக்கு ஒரு தடவை கேட்டாலே போதும்.